கூடல் நாடு
கடலூர், சிதம்பரம் வட்டாரங்களின் நிலமும் குடிகளும்

ஒரு திருக்கோயிலின் வரலாற்றை அறிய விரும்புவோர், முதற்கண் அக்கோயில் நிற்கும் நாட்டின் வரலாற்றை அறிதல் வேண்டும். நாட்டின் வரலாறாவது மன்னர் மாறிய முறை மட்டும் அன்று. நீர் எவ்வழி ஓடிற்று, நிலம் எதனை விளைத்தது, யார் யார் எத்திசையினின்றும் வந்து குடியேறினர், வந்தோருள் யார்க்கு வாயில் விரைந்து திறந்தது, யார்க்கு நெடுங்காலம் திறவாதிருந்தது என்னும் இவற்றின் தொகுதியே நாட்டு வரலாறு ஆகும். கற்பணியும் செப்புத் திருமேனியும் இத்தொகுதியின் மேல் மலர்ந்த மலர்களே.

கடலூர் என்னும் பெயர் கூடலூர் என்பதன் திரிபு என்று அறிஞர் கூறுவர். கெடிலமும் உப்பனாறும் பரவனாறும் கடலையடுத்துக் கூடும் இடத்தில் எழுந்த ஊராதலின் அப்பெயர் பெற்றது. மேற்கே, மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கலக்கும் இடத்தில் சுந்தரர் பாடல் பெற்ற திருக்கூடலையாற்றூர் உள்ளது. அதுவும் கூடலே. ஆறுகள் கூடும் இந்நாட்டில் குடிகளும் அவ்வாறே கூடின. எனினும் ஆறுகள் கூடுதல் எளிது. குடிகள் கூடுதல் அத்துணை எளிதன்று.

நிலமும் நீரும்

இன்று கடலூர் மாவட்டம் என வழங்கும் பகுதி, 1801ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்த தென்னார்க்காட்டின் கூறாகும். 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தென்னார்க்காடு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடமேற்குப் பகுதி விழுப்புரத்தையும், தென்கிழக்குப் பகுதி கடலூரையும் தலைநகராகக் கொண்டன. கடலூர் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 3,700 சதுர கிலோமீட்டர். வடக்கே தென்பெண்ணை கடலிற் கலக்கிறது; அதற்குத் தெற்கே கெடிலம்; பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு; தென்னெல்லையாகக் கொள்ளிடம். இந்நான்கு நீர்களே இம்மாவட்டத்தின் நான்கு வரிகள்.

பழைய நாட்டுப் பிரிவினை நோக்கின், இம்மண் ஒன்றன்று, இரண்டு. திருவதிகையும் திருப்பாதிரிப்புலியூரும் திருமுதுகுன்றமும் நடுநாட்டுத் தலங்கள். பாடல் பெற்ற தலங்கள் 22 உடைய அந்நாட்டின் சிறந்த பகுதி திருமுனைப்பாடி எனப்பட்டது. சிதம்பரமோ சோழநாட்டின் காவிரி வடகரைத் தலங்களுள் எண்ணப்படுவது. இவ்விரு நாடுகளும் கூடும் வரம்பில் இன்றைய மாவட்டம் அமைந்துள்ளது.

நிலத்தின் இயல்பும் அவ்வாறே இருவகைப்படும். கடலூர் நகருக்கு அருகே கேப்பர் மலை எனப்படும் செம்மேடு உயர்ந்து நிற்கிறது. அங்குத் தொடங்கி நெய்வேலி, பண்ருட்டி வரை பரந்து கிடக்கும் செம்மண்ணும் மணற்கல்லும் நிலநூலார் ஏட்டில் கடலூர் மணற்கல் என்றே பெயர் பெற்றவை. இம்மேட்டில் நெல்லுக்கு இடம் குறைவு. பலாவும் முந்திரியும் நிலக்கடலையும் செழிக்கின்றன. முந்திரியும் நிலக்கடலையும் இம்மண்ணுக்கு உரியவை அல்ல; தென் அமெரிக்காவிலே தோன்றிக் கடல் கடந்து வந்தவை. முந்திரியை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் போர்த்துகேசியர். இன்று பண்ருட்டியின் பெயரைச் சொல்லும் எவரும் முந்திரியைச் சொல்லாது விடார். வந்தேறிய பயிரே ஊரின் அடையாளமாய் ஆயிற்று.

தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்கள் கொள்ளிடத்தின் வண்டல் படிந்த நெல்வயல்கள். கடலை ஒட்டிக் கிள்ளை, பிச்சாவரம் உப்பங்கழிகள். தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குத் தீங்கு விளையும். சிதம்பரத்துக்குத் தில்லைவனம் என்னும் பெயர் தந்த அம்மரத்தை இன்று ஊருக்குள் காண்டல் அரிது; பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டிலே சுரபுன்னையோடு கலந்து நிற்கிறது. கோயில் எழுந்த நாளில் கடலும் கழியும் இன்னும் அணுகி இருந்தன என்பதற்கு மரத்தின் பெயரே சான்று பகர்கின்றது எனலாம். திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி மரமும் இங்ஙனமே பெயர் ஈந்தது.

ஏரியும் ஊர்களும்

இந்நாட்டுக் குடிகளின் வரலாற்றை ஏரியினின்று தொடங்குவது பொருந்தும். முதற் பராந்தகனுக்கு வீரநாராயணன் என்பது சிறப்புப் பெயர். அவன் மகன் இராசாதித்தன் வடவெல்லைக் காவலுக்காகத் திருமுனைப்பாடி நாட்டிலே பெரும்படையோடு தங்கியிருந்தான். தந்தையின் பெயரால் வெட்டப்பட்ட வீரநாராயணப் பேரேரியே இன்று வீராணம் எனப்படுவது. போர் இல்லாத நாட்களில் அப்படையே ஏரியை வெட்டிற்று என்பது வழிவழி வரும் செய்தி. இராசாதித்தன் 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் மாண்டான். வாள் ஏந்திய கை மறைந்தது. மண்வெட்டி ஏந்திய கையின் பணி ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கிறது.

1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார். அங்கிருந்து வடவாற்றின் வழியே நீர் வீராணத்தை அடைகிறது. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வேரியை நம்பி 45 ஆயிரம் ஏக்கர் அளவிலான நிலம் விளைகின்றது. 2004ஆம் ஆண்டு முதல் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னைக்கும் இவ்வேரியே குடிநீர் ஈகிறது.

ஏரி இருந்தமையால் ஊர்கள் எழுந்தன. ஏரியின் பெயரையே தாங்கிய வீரநாராயண சதுர்வேதிமங்கலம் இன்றைய காட்டுமன்னார்கோயில். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளும், அவர் பேரர் ஆளவந்தாரும் தோன்றிய ஊர் அது. அதற்கு அண்மையில் உள்ள திருநாரையூர், திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் ஊர். வைணவத்தின் பெருந்தொகுப்பும் சைவத்தின் பெருந்தொகுப்பும் ஒரே நீர்ப்பரப்பின் அயலிலே பிறந்தவர் கையால் அமைந்தமை எண்ணி மகிழத்தக்கது. அதே காட்டுமன்னார்கோயிலுக்கு அருகேயுள்ள ஆதனூரே திருநாளைப்போவார் பிறந்த ஊர் என்பதும் உடன் நினைக்கத்தக்கது. ஏரிநீர் பாய்ந்த வயலில் உழைத்த குடியில் அவர் பிறந்தார். அந்நீர் விளைத்த நெல் கோயிலுக்குள் சென்றது. விளைத்தவர் வெளியில் நின்றனர்.

ஏரியின் கரையிலே லால்பேட்டை உள்ளது. வெற்றிலைக் கொடிக்காலும் வாணிகமும் தொழிலாகக் கொண்ட இசுலாமியர் பெருகி வாழும் ஊர் இது. பழைமை வாய்ந்த அரபுக் கல்லூரியும் இங்குண்டு. ஒரே மதகு திறக்க, வைணவர், சைவர், இசுலாமியர், ஆதிதிராவிடர் ஆகிய எல்லார் நிலத்திலும் நீர் பாய்கின்றது.

சமயங்கள் கூடிய முறை

இந்நாட்டில் சமணம் ஒருகால் ஓங்கியிருந்தது. உலோக விபாகம் என்னும் சமண நூல், காஞ்சிச் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 458இல், பாடலிகை என்னும் ஊரில் எழுதி முடிக்கப்பட்டது. அப்பாடலிகை திருப்பாதிரிப்புலியூரே என்பர் ஆராய்ச்சியாளர். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, திருவாமூரிலே வேளாளர் குடியிற் பிறந்த மருணீக்கியார் அப்பள்ளியிற் சேர்ந்து தருமசேனர் ஆனார். பின்னர்த் தமக்கையார் திலகவதியாரால் திருவதிகையை அடைந்து நாவுக்கரசர் ஆனார். கல்லிற் கட்டிக் கடலில் இடப்பட்ட அவர் கரையேறிய இடம் கடலூரை அடுத்த கரையேறவிட்டகுப்பம் என்று போற்றப்படுகிறது. சமயம் மாறுவோர் பட்ட துன்பத்தையும், சமயம் வீழ்ந்தபோது அதன் பள்ளிகள் பட்ட துன்பத்தையும் பெரியபுராணம் ஒருங்கே பதிந்து வைத்துள்ளது. பாடலியின் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எழுந்தது என்று அந்நூல் கூறுவது காண்க.

பின்வந்த சந்தானக் குரவர் வரலாறும் இந்நாட்டிலேயே பெரிதும் நிகழ்ந்தது. பெண்ணாகடத்து வேளாண் குடியில் தோன்றிய இளையவரான மெய்கண்டாரை, ஆதிசைவ மரபில் வந்த முதியவரான திருத்துறையூர் அருணந்தி ஆசிரியராக ஏற்றார். தில்லைவாழ் அந்தணருள் ஒருவரான உமாபதி சிவம், நெசவாளர் பாவுக்கு வார்க்கும் கூழை வாங்கி அருந்திய மறைஞான சம்பந்தரின் கையில் ஒழுகியதைப் பிரசாதமாகப் பருகினார். அதனால் தம் குலத்தாரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வாழ்ந்தார். விறகு சுமந்து வந்த பெற்றான் சாம்பான் என்னும் அடியவர்க்கு அவர் முத்தி அளித்த வரலாறும் சைவர் அறிந்ததே. குலவரம்பும் அருள்வரம்பும் வேறு வேறு என்று இந்நாட்டுப் பெரியோர் அன்றே துணிந்தனர் என்பதற்கு இவை சான்றாகும்.

ஆயினும் பகை நிகழவில்லை என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். சிதம்பரத்தில் தில்லைத் திருச்சித்திரகூடத்துக் கோவிந்தராசப் பெருமாளை 1539இல் அச்சுததேவராயர் மீண்டும் எழுந்தருளச் செய்தார். பின்னர்ச் செஞ்சி கிருட்டிணப்ப நாயக்கர் அச்சந்நிதியைப் பெருக்கியபோது, மறுத்து நின்ற அந்தணர் பலர் கோபுரத்தினின்று வீழ்ந்து உயிர் நீத்தனர் என்று, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டிற்கு வந்த யேசு சபைப் பாதிரியார் பிமெந்தா எழுதியுள்ளார். இன்று அதே கோயிலில் ஓரிடத்தில் நின்று ஆடும் பெருமானையும் கிடக்கும் பெருமாளையும் ஒருங்கே கண்டு கைகூப்பலாம். அவ்வாறு நிற்போர் பலர், அமைதியான அவ்விடம் எத்துணைத் துயரத்தின்பின் அமைந்தது என்பதை அறியார்.

கடல்வழி வந்தோர்

கடற்கரை மக்கள் என்றால் முதலில் நினைக்கத்தக்கவர் பட்டினவர். தேவனாம்பட்டினம் முதல் கொள்ளிட முகத்துவாரம் வரை அவர்தம் குப்பங்கள் நிரலாக உள்ளன. மாசி மகத்தன்று சுற்றூர்த் தெய்வங்கள் தேவனாம்பட்டினக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, அக்கடற்கரை ஒரு நாள் நாட்டுக்கெல்லாம் சந்நிதியாகிறது.

பரங்கிப்பேட்டை மரக்காயர் கப்பல் வாணிகத்தால் சிறந்த ஊர். முகமதியர் மகமூது பந்தர் என்றும், போர்த்துகேசியர் போர்ட்டோ நோவோ என்றும் அதனை அழைத்தனர். டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் அங்குப் பண்டகசாலை வைத்தனர். 1781ஆம் ஆண்டு சூலை முதல் நாள் ஐதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் பெரும்போர் நிகழ்ந்ததும் இவ்வூரின் அருகேதான். 1830ஆம் ஆண்டளவில் சோசியா ஹீத் என்பார் இங்கு இரும்பு உருக்காலை நிறுவினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை.

கடலூருக்கு வடக்கே தேவனாம்பட்டினக் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு வீழும் தொலைவு வரை உள்ள ஊர்களெல்லாம் தமக்குரியவை என்பது உடன்படிக்கை. அவ்வூர்கள் குண்டுக் கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. குண்டுசாலை என்னும் தெருப்பெயர் அந்நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது. நிலம் அளக்கக் கோலும் கயிறும் இருந்த நாட்டில் பீரங்கி அளவுகோலாயிற்று. சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வயப்பட்ட 1746 முதல் 1752 வரை இதுவே சோழமண்டலக் கரை ஆங்கிலேயரின் தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இக்கோட்டையைக் கைப்பற்றி இடித்தான். துணி வாணிகத்தின் பொருட்டு நெசவாளரும் சாயத்தொழிலாளரும் கடலூரைச் சூழக் குடியமர்ந்தனர். 1717இல் தரங்கம்பாடிப் பாதிரியார் சீகன்பால்கு கடலூரில் பள்ளி தொடங்கக் காரணமாயினார். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையும், புதுவை கடலூர் உயர் மறைமாவட்டமும் இன்றைய கிறித்துவக் குடிகளின் பழைமையைக் காட்டுவன.

கடல் கடந்த தமிழரும் இங்கு வந்தனர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். செட்டிநாட்டு அண்ணாமலைச் செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரியையும், 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் ஏற்படுத்தினார். நெல்வயலுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊர் கல்விக்கும் பேர்பெற்றது.

எண்ணும் குடியும்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்கள் தொகை 26,05,914. கடலூர் நகரில் 1,73,636 பேரும், சிதம்பரம் நகரில் 62,153 பேரும் வாழ்ந்தனர். மக்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் சிற்றூர்களில் வாழ்வோர். நூற்றுக்கு ஏறத்தாழ 92 பேர் இந்துக்கள்; எஞ்சியோருள் இசுலாமியரும் கிறித்துவரும் பெரும்பான்மையர். பட்டியல் வகுப்பினர் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாடு முழுமைக்கும் இவ்விகிதம் 20 அளவே ஆதலின், இவ்வெண் சிந்திக்கத்தக்கது. ஏனைய சாதிகளின் எண்ணிக்கை 1931ஆம் ஆண்டுக் கணக்கோடு நின்றது. எண் இல்லையாயினும், வன்னியரும் ஆதிதிராவிடருமே இந்நாட்டு உழுகுடிகளின் இரு பெரும் பிரிவினர் என்பது கண்கூடு. கடலூரைச் சேர்ந்த இராமசாமி படையாட்சியார் தலைமையில் 1951இல் தோன்றிய உழைப்பாளர் கட்சி, 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் 19 இடங்களை வென்று உழைக்கும் குடியின் குரலைச் சட்டமன்றத்திற்குக் கொண்டு சென்றது. இவர்களோடு வேளாளர், முதலியார், உடையார், செங்குந்தர், விசயநகரக் காலந்தொட்டு வாழும் தெலுங்கு பேசும் ரெட்டியார், நாயுடு, பிச்சாவரக் கழியில் கையாலேயே இறால் பிடித்து வாழும் இருளர் எனப் பல குடியினர் இந்நாட்டவராய் உள்ளனர்.

நெய்வேலி இக்கூட்டத்துக்குப் பின்வந்த அங்கம். சம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுநீரோடு கரிய துகள் வெளிப்பட்டதிலிருந்து ஆராய்ச்சி வளர்ந்தது. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் மின் உற்பத்தி தொடங்கிற்று. பாரதத்தின் பல மாநிலத்தாரும் குடியேறிய நகர் ஒன்று எழுந்தது. அதற்காக ஊரையும் வயலையும் குலதெய்வக் கோயிலையும் விட்டு அகன்ற குடிகள் பல. அவர்தம் ஈடும் வேலையும் குறித்த முறையீடு இன்றும் முற்றுப்பெறவில்லை. நாட்டுக்கு ஒளி தந்தவர் இல்லத்திலும் ஒளி நிலவுதல் அறம்.

வாயில் திறந்த வரலாறு

திருநாளைப்போவார் தில்லையை அடைய ஏங்கிய காலம் மிகப் பழையது. அவர் பெயரால் நந்தனார் கல்விக் கழகத்தைச் சிதம்பரத்தில் 1916இல் தோற்றுவித்தவர் சுவாமி சகசானந்தர். 1890இல் பிறந்து 1959இல் மறைந்த அவர், தாழ்த்தப்பட்ட மாணவர்க்குப் பள்ளியும் விடுதியும் அமைத்து, சட்டமன்றத்திலும் அவர்க்காகப் பேசினார். 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் எல்லா இந்துக்களுக்கும் ஆலய வாயிலைத் திறந்தது. ஆதனூரினின்று தில்லை வரை உள்ள சில காத தூரத்தை ஒரு குடி கடந்து முடிக்க ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் மற்றொரு வாயிலைத் திறந்தார். பார்வதிபுரத்து மக்கள் நல்கிய நிலத்தில், 1867ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. உண்ண வருவோரை அங்கு யாரும் குலம் வினவுவதில்லை.

அவ்வறம் வடலூரோடு நிற்கவில்லை. மாசி மகத்தை ஒட்டித் திருமுட்டம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடலுக்கு எழுந்தருளும்போது, வழியிலுள்ள தைக்காலில் இசுலாமியர் வரவேற்று மரியாதை செய்வது நெடுநாள் வழக்கம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரைக் கொண்டது. இறந்தோருள் பெரும்பாலார் குப்பங்களைச் சார்ந்தோர். அன்று உடுத்த உடையோடு ஓடிவந்த மீனவக் குடிகளுக்குப் பரங்கிப்பேட்டை சமாத்தார் உடனே உலை வைத்துச் சோறிட்டனர். பல நாள் இட்டனர். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் பண்ருட்டிப் பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோதும், விழுந்த மரத்தருகே புதுக்கன்று நட்டு மீண்டும் தொடங்கிய குடிகளே இந்நாட்டினர்.

குடமுழுக்கு நாளில் பல ஆற்று நீரையும் கடல் நீரையும் ஒரு குடத்திற் பெய்து வேள்விச்சாலையில் வைப்பது மரபு. குடத்துள் கூடிய பின்னர், இது பெண்ணை நீர், இது கொள்ளிட நீர் என்று பிரித்தறிய ஒருவராலும் இயலாது. கலசத்தின் மீது சொரிந்த நீர் கீழே நிற்போர் அனைவர் மீதும் தெறிக்கும். முன்னோர்க்கு வாயில் திறவாதிருந்த குடியினரின் மக்கள்மீதும் தெறிக்கும். கூடலூர் என்னும் பெயருக்கு ஏற்ற பொருளை இந்நாடு நெடுங்காலம் முயன்று பெற்றது. பெற்றதைப் பேணுதல் இனி இந்நாட்டார் அனைவருடைய கடன்.